ஈஸ்டைக் கொல்லும் மண் மருந்து



ஆப்ப மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்டை நீங்கள் நன்கு அறிவீர்கள். அதே வகையைச் சேர்ந்த 'கன்டிடா' என்ற ஈஸ்ட் நம் வாயிலும் குடலிலும் தோலிலும் சத்தமில்லாமல் வாழ்கிறது. இடம் கிடைத்தால் பெருகிவிடும். பால்குடிப் பிள்ளையின் நாக்கில் தயிர் போல ஒட்டிக்கொள்ளும் வெண்படலம் அதன் வேலைதான். ஈரத்துணி பட்ட இடம் சிவந்து புண்ணாவதும், பெண்களின் மறைவிடத்தில் ஏற்படும் அரிப்பும் பல வேளைகளில் இதனால்தான்.

2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கண்டாவளைப் பகுதி வெள்ளத்தில் மூழ்கியது. அப்படிப்பட்ட மாரியில் பிள்ளையின் துணி எங்கே காயும்? ஈரம் ஈஸ்டுக்கு விருந்து.

இதற்கான மருந்து கிடைத்தது மண்ணிலிருந்து! அமெரிக்காவின் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுண் என்ற இரு பெண் விஞ்ஞானிகள், பண்ணை மண்ணில் வாழ்ந்த ஒரு பக்டீரியா சுரக்கும் பொருளைப் பிரித்தெடுத்து 1950இல் அறிவித்தார்கள். அதுவே 'நிஸ்டாடின்'. அதனால் கிடைத்த உரிமைப் பணத்தையும் ஆராய்ச்சிகளுக்கே வழங்கிவிட்டார்கள்.

அது எப்படி வேலை செய்கிறது? ஈஸ்ட் கலத்தின் மென்சவ்வில் 'எர்கோஸ்டெரோல்' என்ற கொழுப்புப் பொருள் உண்டு. நம் கலங்களில் அந்த இடத்தில் இருப்பது கொலஸ்டரோல். நிஸ்டாடின் எர்கோஸ்டெரோலைப் பற்றிக்கொண்டு சவ்வில் துளையிடுகிறது. உள்ளிருக்கும் பொட்டாசியம் கசிந்து, ஓட்டைக் குடம் போல் ஈஸ்ட் கலம் வற்றி மடிகிறது. விழுங்கினாலும் அது குடலிலிருந்து இரத்தத்தில் அநேகமாகச் சேர்வதில்லை. பிள்ளைகளுக்கும் டொக்டர்கள் இதை எழுதிக் கொடுப்பது அதனால்தான்.

"வெள்ளைப்பூண்டும் கராம்பும் ஈஸ்டைக் கொல்லுமாமே?" என்று நீங்கள் கேட்கலாம். ஆய்வுகூடத் தட்டில் கொல்லும். ஆனால் கராம்பெண்ணெய்க்கும் பச்சைப் பூண்டுக்கும் ஈஸ்ட் எது, பிள்ளையின் வாய்த்தோல் எது என்ற பேதம் தெரியாது, இரண்டையும் சுட்டுவிடும். இயற்கையானது என்பதற்காக அவற்றைப் பிள்ளையின் வாயிலோ மறைவிடத்திலோ பூசாதீர்கள்.

இன்னும் சில விடயங்களை நினைவில் வையுங்கள். அன்டிபயோட்டிக் மருந்துகள் ஈஸ்டைக் கொல்லாது. ஈஸ்டைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கும் நல்ல பக்டீரியாக்களை அழித்து, அது பெருகவே வழி செய்யும். பிள்ளையின் வாயில் படலம் இருக்கும்போது தாயின் முலைக்காம்பும் வலித்தால், இருவருக்கும் சேர்த்தே மருந்து தேவைப்படலாம். படலம் மறைந்துவிட்டது என்று மருந்தை இடையில் நிறுத்தக் கூடாது. அரிப்பு அடிக்கடி திரும்பி வந்தால் இரத்தத்தில் சீனியைச் சோதித்துப் பாருங்கள்.

வெட்கப்பட்டு மாதக்கணக்கில் மறைத்து வேதனைப்படாதீர்கள். குடும்பநல உத்தியோகத்தரிடமோ டொக்டரிடமோ சொல்லுங்கள். சில நாள் மருந்தில் தீரக்கூடிய நோய் இது.