மேடை ஏறிய மொழி

2018-ம் ஆண்டு நவம்பர் 25-ந் தேதி பெலாரஸ் தலைநகர் மின்ஸ்க் நகரில், சிறுவர்களுக்கான யூரோவிஷன் பாட்டுப் போட்டி நடந்தது. 20 நாடுகள் பங்கு கொண்டன. முதல் முறையாகக் கலந்துகொண்ட வேல்ஸ் நாட்டுக்கு 20-வது இடம். அதாவது, கடைசி இடம்.

அடுத்த ஆண்டு போலந்து நாட்டில் நடந்த போட்டியில் 19 நாடுகளில் 18-வது இடம். அத்துடன் சரி. 2020-ல் கொரோனா நோயைக் காரணம் காட்டி விலகிய வேல்ஸ், அதன் பிறகு அந்தப் போட்டிக்குத் திரும்பவில்லை.

இரண்டு முறை தோற்றுத் திரும்பிய கதைதானே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்த மேடையில் வேல்ஸ் நின்றதே பெரிய விஷயம்.

யார் அனுப்புகிறார்கள்?

வேல்ஸ் பிரிட்டனின் ஒரு பகுதி. ஐ.நா. சபையில் அதற்குத் தனி இடம் கிடையாது. பெரியவர்களுக்கான யூரோவிஷன் போட்டியிலும் பிரிட்டன் முழுவதற்கும் சேர்த்து ஒரே பாட்டுதான்.

அப்படியானால் சிறுவர் போட்டியில் மட்டும் இடம் கிடைத்தது எப்படி? இந்தப் போட்டிக்குப் பாடகர்களை அனுப்புவது அரசாங்கங்கள் அல்ல, டெலிவிஷன் நிலையங்கள். பிரிட்டன் 2003 முதல் 2005 வரை கலந்துகொண்டு பிறகு ஒதுங்கிவிட்டது. காலியாக இருந்த இடத்துக்கு எஸ்.4.சி. என்ற வேல்ஸ் மொழி டெலிவிஷன் நிலையம் வந்து சேர்ந்தது. சிறுவர் போட்டியில் பாட்டின் பெரும்பகுதி சொந்த மொழியில் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் ஐரோப்பா முழுவதும் வேல்ஸ் மொழியில் ஒரு சிறுமியின் பாட்டைக் கேட்டது.

உண்ணாவிரத அறிவிப்பு

அந்த நிலையமும் சும்மா கிடைத்துவிடவில்லை. வேல்ஸ் மொழிக்குத் தனி டெலிவிஷன் தருவதாக 1979 தேர்தலில் வாக்களித்த கன்சர்வேடிவ் கட்சி, ஆட்சிக்கு வந்ததும் பின்வாங்கியது. வேல்ஸ் தேசியக் கட்சித் தலைவர் குவின்வர் எவான்ஸ், சாகும் வரை உண்ணாவிரதம் இருக்கப் போவதாக 1980-ல் அறிவித்தார். குறித்த நாள் வருவதற்கு முன்பே மார்கரெட் தாட்சர் அரசு இறங்கி வந்தது. 1982 நவம்பர் 1-ந் தேதி எஸ்.4.சி. ஒளிபரப்பைத் தொடங்கியது.

குறையும் கணக்கு

1911-ல் வேல்ஸ் மக்களில் 43.5 சதவீதம் பேர் வேல்ஸ் மொழி பேசினார்கள். 2011-ல் இது 19 சதவீதம், 2021-ல் 17.8 சதவீதம். ஆள் கணக்கில் சுமார் 5 லட்சத்து 38 ஆயிரம் பேர். கடைசிப் பத்து ஆண்டுகளில் ஏற்பட்ட குறைவு பெரும்பாலும் சிறுவர்களிடம் என்பதுதான் கவலை தரும் செய்தி. 2050-க்குள் 10 லட்சம் பேரை வேல்ஸ் மொழி பேச வைக்க வேண்டும் என்பது வேல்ஸ் அரசின் இலக்கு.

2022-ல் பி.பி.சி. மூலம் பிரிட்டன் மறுபடி போட்டிக்கு வந்தது. பாட்டு ஆங்கிலத்தில். கிடைத்தது 5-வது இடம். பிரிட்டனுக்கு அது நல்ல இடம்தான். ஆனால் வேல்ஸ் மொழியின் குரல் அந்த மேடையில் கேட்கவில்லை.

ஒரு போட்டியால் மொழி வளர்ந்துவிடாது. வீட்டிலும் பள்ளியிலும் பேசினால்தான் வளரும். ஆனாலும் தங்கள் மொழியில் பாடும் சிறுமியை உலக மேடையில் பார்க்கும் பிள்ளைகளுக்கு, அந்த மொழியைப் பேச ஒரு கூச்சம் குறையும். கடைசி இடத்துக்கும் அந்த மதிப்பு உண்டு. மேடையே இல்லாமல் போனால் அதுவும் இல்லை.