மேலாய்வு இடம் இருக்கும் செய்தி யாருக்குப் போய்ச் சேர்கிறது?

அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் தலைமைச் செயல் அலுவலர் அவர்களுக்கு,

முனைவர் பட்டம் பெற்றவர், நிரந்தரப் பணியில் அமரும் முன் மற்றொரு பேராசிரியரின் கீழ் இரண்டு மூன்று ஆண்டுகள் உதவித்தொகை பெற்றுச் செய்யும் ஆய்வே முனைவர் பட்ட மேலாய்வு. ஆய்வகப் பேச்சில் அது போஸ்ட்-டாக். 1964இல் வேதிப் பொறியாளர் எம்.எம். சர்மாவால் கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்ற கையோடு, 27 வயதில், மாட்டுங்காவிலிருந்த பம்பாய்ப் பல்கலைக்கழக வேதித் தொழில்நுட்பத் துறையில் பேராசிரியராகவே அமர முடிந்தது. இன்று அறிவியல் துறைகளில் உதவிப் பேராசிரியர் பணிக்கே மேலாய்வு அனுபவம் எழுதப்படாத தகுதியாகிவிட்டது.

அத்துறை இன்று வேதித் தொழில்நுட்பக் கழகம் என்னும் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். அதுவும், 1887இல் தொடங்கிய வி.ஜே.டி.ஐ. தொழில்நுட்பக் கழகமும் மும்பையின் தாராவிக்கு மிக அருகில் உள்ளன. செம்பூரைத் தாண்டினால் தியோனாரில் டாட்டா சமூக அறிவியல் கழகம், அதற்கும் அப்பால் டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்குத் தோல் பதனிட வந்த குடும்பங்களின் வழித்தோன்றல் ஒருவர் முனைவர் பட்டம் பெற்றுவிட்டால், அவருக்கு இவ்வளாகங்கள் தொலைவல்ல. அங்கே இடம் இருக்கும் செய்திதான் தொலைவு.

தேசிய மேலாய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் முன்பே, விண்ணப்பதாரர் தமக்கு வழிகாட்டியைத் தேடி, அவர் நிறுவனத்தின் ஒப்புதலையும் பெற்றாக வேண்டும். அத்தகைய வழிகாட்டி பெரும்பாலும் தம் நெறியாளரின் நட்பு வட்டத்திலோ கருத்தரங்கப் பழக்கத்திலோ கிடைப்பவர். அவ்வட்டம் வாய்க்காதவர் பதில் வராத மின்னஞ்சல்களை எழுதிக்கொண்டிருப்பார். மற்றொரு வழி, திட்ட நிதியில் அமர்த்தப்படும் ரிசர்ச் அசோசியேட் பணி. 2023 முதல் அதன் தொடக்கநிலை உதவித்தொகை மாதம் 58,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. ஆனால் அறிவிப்போ, நிறுவன இணையதளத்தின் ஒரு மூலையில் தொங்கும் ஒற்றைப் பக்கம்: பணி முற்றிலும் தற்காலிகமானது, திட்டத்துடன் முடிவுறும், நேர்காணலுக்கு நேரில் வர வேண்டும், பயணப்படி கிடையாது, கடைசி நாளுக்கோ பத்துப் பதினைந்து நாளே மிச்சம். யாரை எடுப்பது என்று முடிவான பின் சடங்குக்காக வெளியாகும் அறிவிப்புகளும் உண்டு என்பது வளாகங்களில் எல்லோரும் அறிந்த, எவரும் எழுதாத செய்தி.

2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான உங்கள் அறக்கட்டளைக்கு ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் திரட்டத் திட்டமிடப்பட்டது. பணம் தருபவர் நிபந்தனையும் விதிக்கலாம். அறக்கட்டளையின் நிதி பெறும் ஒவ்வொரு திட்டமும் தன் மேலாய்வு இடத்தைப் பொதுப் பதிவேடு ஒன்றில் குறைந்தது முப்பது நாள் வெளியிட வேண்டும். முதற்கட்ட நேர்காணல் இணையவழியில் நடக்க வேண்டும். மேலாய்வாளரை ஏற்க விரும்பும் பேராசிரியர்களின் பட்டியலும் துறைவாரியாக அதிலேயே இருக்க வேண்டும். ஐரோப்பிய ஆணையம் ஆய்வாளர் பணி அறிவிப்புகளுக்கு 'யூராக்செஸ்' என்னும் தளத்தை நடத்தி வருகிறது. அங்கு பணி வாய்ப்புகளை வெளியிடக் கட்டணமில்லை.

வயது வரம்பும் மறுபரிசீலனைக்கு உரியது. தேசிய உதவித்தொகைக்கு 35 வயது என வரம்பு வகுத்து, பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட பிரிவினருக்கும் ஐந்தாண்டுத் தளர்வு தரப்பட்டது. ஐரோப்பாவின் மேரி கியூரி மேலாய்வு உதவித்தொகையோ வயதைக் கேட்பதில்லை. முனைவர் பட்டத்துக்குப் பின் எட்டு ஆண்டு ஆய்வனுபவம் என்றே எல்லை வகுக்கிறது. குடும்பத்துக்காக நடுவில் சில ஆண்டுகள் வேலைக்குப் போய்விட்டுப் படிப்புக்குத் திரும்பியவருக்கு இக்கணக்கே பொருந்தும்.

பதிவேட்டைப் பொறுத்தவரை புதிய சட்டமோ தனித் துறையோ தேவைப்படாது. அடுத்த மானிய ஆணையில் ஒரு பத்தி சேர்த்தால் போதும், அப்பத்தியை மீறும் திட்டத்துக்கு இரண்டாம் தவணையை நிறுத்திவைக்கும் அதிகாரமும் அறக்கட்டளையின் கையிலேயே இருக்கிறது.