அந்த வண்டுக்குப் பெயர் வைத்தவர் யார்?

ஜொகூரில் செம்பனைத் தோட்டத்தைப் பார்க்காத மாணவர் இருக்க முடியாது. ஆனால், அந்த மரத்தில் குலை நிறையக் காய் பிடிக்கக் காரணமான ஆப்பிரிக்க வண்டை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

செம்பனையின் தாயகம் ஆப்பிரிக்கா. மரம் இங்கு வந்தது. அதன் பூச்சி வரவில்லை. காற்றுதான் மகரந்தத்தைச் சுமக்கிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். காய் சரியாகப் பிடிக்காத தோட்டங்களில் தொழிலாளர்கள் மரம் மரமாகச் சென்று, பெண் பூக்களின்மேல் மகரந்தத் தூளைத் தூவினார்கள். நம் பாட்டிமார் சிலருக்கு அந்த வேலை இன்னும் நினைவிருக்கலாம்.

1970களின் பிற்பகுதியில் ரஹ்மான் சையத் என்ற பாகிஸ்தானியப் பூச்சியியல் அறிஞர், கேமரூன் நாட்டில் செம்பனைப் பூக்களை ஆராய்ந்தார். அரிசி மணியைவிடச் சிறிய கூன்வண்டுகளே மகரந்தத்தைச் சுமக்கின்றன என்று கண்டறிந்தார். ஆனால், பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் பல இனங்கள் அங்கே இருந்தன. எது அதிக மகரந்தம் சுமக்கும்? எது மழையிலும் வெயிலிலும் தாக்குப்பிடிக்கும்? எது மற்றப் பயிர்களைக் கெடுக்காது? இப்படிச் சோதித்துத் தேர்ந்தெடுத்த இனம்தான் எலைடோபியஸ் கமெருனிகஸ். ‘கேமரூனைச் சேர்ந்தது’ என்பதே அப்பெயரின் பொருள். 1981-இல் ஜொகூரின் குளுவாங் வட்டாரத்தில் அதை விட்டார்கள். அது வேகமாகப் பரவியது. காய்ப்பிடிப்பு உயர்ந்தது. கையால் தூவும் வேலைக்குத் தேவையில்லாமல் போனது.

இந்தக் கதையில் சையதைப் பாராட்டுகிறோம். சரிதான். ஆனால், அவருக்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே அந்த வண்டின் உடலை அளந்து, மற்ற இனங்களிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது என்று எழுதி, பெயர் சூட்டிய ஒருவர் இருந்தார். அதனால் மலேசியாவுக்குப் பயன் வரும் என்று அவர் எண்ணியிருக்க வழியில்லை. அந்த விவரிப்பு இல்லாவிட்டால், எந்த வண்டைச் சோதித்தோம், எதைக் கொண்டுவந்தோம் என்று உறுதியாகச் சொல்வது கடினமாகியிருக்கும்.

“பூச்சிக்குப் பெயர் வைத்தால் சோறு கிடைக்குமா?” என்று பெற்றோர் கேட்பது நியாயமே. எஸ்.பி.எம். முடித்ததும் மருத்துவம், சட்டம், கணினி என்றுதான் நம் வீடுகளில் பேச்சு. ஆனால், டிங்கியைப் பரப்பும் இரண்டு ஏடிஸ் கொசு இனங்களை முதுகிலுள்ள வெள்ளைக் கோடுகளைப் பார்த்துப் பிரித்தறிவதும் இதே கலைதான். பயிர்ப் பாதுகாப்பு, துறைமுகச் சோதனை, பொதுச் சுகாதாரம் ஆகிய எல்லாவற்றிலும் இனம் காணத் தெரிந்தவர் தேவைப்படுகிறார்.

நம் முன்னோர் அந்த மரத்தடியில் உழைத்தார்கள். அதே மரத்தைப் பூதக்கண்ணாடியோடு அணுகும் தலைமுறையாக நாம் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்குப் பல்கலைக்கழகம் செல்லும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு குறிப்பேடு போதும். நாளை வீட்டு வாசலில் காணும் ஓர் ஈயையோ வண்டையோ படம் எடுங்கள். தேதி, இடம், அது அமர்ந்திருந்த செடி ஆகியவற்றை எழுதுங்கள். பிறகு அதன் பெயரைத் தேடுங்கள். பெயர் கிடைக்கவில்லையா? அப்போது உங்கள் ஆசிரியரிடம் கேட்பதற்கு நல்லதொரு கேள்வி கையில் இருக்கும்.