மெஷின் மாத்தப் போறீங்களா?

கடலில் படகிலேயே குடியிருப்பவர்களுக்கும், ரமணாசிரமம் பக்கத்துத் தெருக்களில் மாடி போர்ஷனில் குடியிருப்பவர்களுக்கும் ஒரு ஒற்றுமை. பழைய வாஷிங் மெஷினைத் தூக்கிட்டுப் புதுசு வைக்கிறது இரண்டு பேருக்கும் பெரும்பாடு. படகுலயாவது கதவைக் கழட்டலாம். மாடிப்படித் திருப்பத்தை யார் சார் கழட்டுவது?

அதனால், கடைக்குப் போகுமுன் டேப்பை எடுங்க. ஃப்ரன்ட் லோடிங் மெஷின் பெரும்பாலும் 60 செ.மீ. அகலம், 85 செ.மீ. உயரம். எடை 60 கிலோவை ஒட்டி. ஆட்டத்தை அடக்க உள்ளே கான்கிரீட் கட்டி வேறு! வாசலை மட்டும் அளந்தால் போதாது; படித் திருப்பத்தையும் அளக்கணும். சுவரில் ஒரு கீறல் விழுந்தாலும் ஹவுஸ் ஓனர் அட்வான்ஸில் கை வைப்பார்.

பின்பக்கம் டிரான்ஸிட் போல்ட் இருக்கும். கழட்டாமல் ஓட்டினால் மெஷின் சாமியாடும். கழட்டினதைத் தூக்கிப் போட்டுடாதீங்க. அடுத்த வீடு மாறும்போது மறுபடி மாட்டணும்.

டெலிவரியைப் பௌர்ணமியன்று வைத்துக்கொள்ளாதீர்கள். செங்கம் ரோடு முழுக்கக் கிரிவலக் கூட்டம். மெஷினும் 14 கிலோமீட்டர் சுற்றிவிட்டுத்தான் வீடு சேரும்!

டிரையர்? படகுக்காரருக்கு வேணும், பாவம். அவருக்குக் கொடி கட்ட இடம் ஏது? திருவண்ணாமலை வெயிலில் மொட்டை மாடியை வைத்துக்கொண்டு, சுமார் 2,000 வாட்ஸ் இழுக்கிற ஹீட்டருக்கு நாம ஏன் கரண்ட் பில் கட்டணும்?

1896-ல் இந்த ஊருக்கு வந்த அன்றைக்கே ரமணர் வேட்டியைக் கிழித்துக் கோவணத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை எறிந்துவிட்டார். படி, போல்ட், டெலிவரி... எந்தத் தொல்லையும் இல்லை. நமக்கு ஆபீஸ் இருக்கே, சார்!