வாயிலுக்கு வெளியே

நாம் நெஞ்சார நேசிக்கும் ஒன்று, அதனைத் தகுந்தபடி பேணாதவர் கையில் சிக்கிக்கொண்டால் நாம் செய்ய வேண்டுவது என்ன? உள்ளேயே இருந்து பொறுத்துக்கொள்வதா? வெளியேறி நின்று எதிர்ப்பதா? பள்ளியிலும் சங்கத்திலும் கூட்டுறவுப் பண்டகசாலையிலும் எழக்கூடிய வினாதான் இது. இம்மாதம் இதனை ஒரு விளையாட்டுத் திடலில் வைத்துச் சிந்திக்க விழைகிறோம். இங்கிலாந்தின் வடமேற்குக் கடற்கரையில் உள்ள பிளாக்பூல் நகரத்துக் கால்பந்து ரசிகர்கள் இந்த வினாவோடு பல ஆண்டுகள் வாழ்ந்தார்கள்.

பிளாக்பூல் கால்பந்துக் கழகம் 1887-இல் தோன்றியது. 1953-இல் வெம்பிளி அரங்கில் போல்டன் அணியை 4-3 என்று வென்று அது எஃப்.ஏ. கிண்ணத்தைப் பெற்றது. ஸ்டான்லி மாத்யூஸ் அன்று ஆடிய ஆட்டம் பாட்டனார் பேரனுக்குச் சொல்லும் கதையாயிற்று. ஊரின் பெருமையாக விளங்கினாலும், சட்டத்தின் கண்ணில் கழகம் ஊருக்குச் சொந்தமன்று. அது பங்குகளைக் கொண்ட ஒரு கம்பெனி. பெரும்பான்மைப் பங்கு யாரிடம் உள்ளதோ அவரே அதன் முதலாளி. ரசிகருக்கு இருக்கை உண்டு, குரல் உண்டு, வாக்கு இல்லை. 1980-களின் இறுதியிலிருந்து ஓயிஸ்டன் குடும்பத்தார் இக்கழகத்தின் முதலாளிகளாக இருந்தனர்.

2010-இல் அணி, 39 ஆண்டுகளுக்குப் பிறகு, நாட்டின் முதல் வரிசைக்கு உயர்ந்தது. ஓராண்டே அங்கு நிலைத்தது. ஆயினும் தொலைக்காட்சி உரிமையால் பெருந்தொகை வந்து சேர்ந்தது. கீழ் வரிசைக்கு இறங்கிய பின்னரும் சில ஆண்டுகளுக்கு உதவித்தொகை கிடைத்தது. அப்பணம் அணியை வளர்க்கச் செலவாகவில்லை என்ற மனக்குறை ஊரெங்கும் பரவிற்று. 2015-இல் அணி பட்டியலின் அடியில் நின்று இறங்கியது. அடுத்த ஆண்டே இன்னும் ஒரு படி வீழ்ந்தது.

இனி என்ன செய்வது என்பதில்தான் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தனர். ‘இனி ஒரு பென்னிகூடக் கொடோம்’ என்றனர் ஒரு சாரார். நுழைவுச் சீட்டு வாங்குவதில்லை, அரங்கில் ஒரு கோப்பைத் தேநீர்கூட அருந்துவதில்லை, முதலாளிகள் நீங்கும்வரை உள்ளே அடியெடுத்து வைப்பதில்லை என்று உறுதி பூண்டனர். நாம் கொடுக்கும் காசு அணிக்குச் சேரவில்லையெனில், அதனைத் தொடர்ந்து கொடுப்பது தவற்றுக்குத் துணைபோவதாகாதா என்பது அவர்கள் வாதம்.

மற்றச் சாராரின் வாதத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது. முதலாளிகள் வருவார்கள், போவார்கள், கழகம் நிலைத்திருக்கும். ஆடுகளத்தில் ஓடும் இளைஞர் செய்த குற்றம் என்ன? வெற்று இருக்கைகளின் முன் அவர்கள் ஆடுவது நியாயமா? மகனை முதன்முதலாக ஆட்டத்துக்கு அழைத்துச் செல்லும் வயது ஒருமுறைதானே வரும்? இவ்வாறு அவர்கள் கேட்டனர். ஒரே தெருவில், ஏன், ஒரே வீட்டிலும் இவ்விரு கருத்துகளும் இருந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். செல்லாதவரைத் துரோகி என்பதும், செல்பவரைக் கோழை என்பதும் இத்தகைய பூசல்களில் எளிதாக வாயில் வரும் சொற்கள்.

எதிர்ப்புக்கு விலையும் இருந்தது. 2015 மே மாதத்தில், பருவத்தின் இறுதி ஆட்டத்தில் ரசிகர்கள் களத்துக்குள் இறங்கவே, ஆட்டம் இடையில் கைவிடப்பட்டது. ரசிகர்கள் சிலர் மீது அவதூறு வழக்குகள் வந்தன. இழப்பீடு கட்ட நேர்ந்த ஒருவருக்காக மற்ற ரசிகர்கள் ஒன்றுகூடிப் பணம் திரட்டிக் கொடுத்தனர். 2017-இல் அணி மீண்டும் வெம்பிளிக்குச் சென்று, எக்ஸிட்டர் அணியை 2-1 என்று வென்று ஒரு படி உயர்ந்தது. ஆனால் 2010-இல் அதே அரங்கை நிறைத்த பிளாக்பூல் ரசிகர்களுள் பெரும்பாலோர் அன்று வரவில்லை. எதிரணியின் ஆதரவாளரே பெருந்திரளாக இருந்தனர். தாம் நேசிக்கும் அணி வெல்லும் நாளில் வீட்டிலிருப்பது சிறிய தியாகமா?

முடிவு எவ்வாறு வந்தது? 2017 நவம்பரில் இலண்டன் உயர் நீதிமன்றம், சிறுபான்மைப் பங்குதாரரான வலேரி பெலோகன் தொடுத்த வழக்கில் தீர்ப்பு வழங்கியது. கழகத்தின் பணம் முறையற்ற வகையில் வெளியே எடுக்கப்பட்டது என்று கண்ட நீதிபதி, 3 கோடியே 10 இலட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்து அவருடைய பங்குகளை வாங்கிக்கொள்ளுமாறு ஓயிஸ்டன் குடும்பத்தாருக்கு ஆணையிட்டார். தொகை முழுவதும் செலுத்தப்படாமையால் 2019 பிப்ரவரியில் கழகம் ரிசீவர் பொறுப்பில் வைக்கப்பட்டது. மார்ச் 9-ஆம் நாள் சவுத்தெண்ட் அணியோடு நடந்த ஆட்டத்துக்கு 15,000-க்கும் மேற்பட்டோர் வந்தனர். விலகி நின்றவரும் விலகாதவரும் அருகருகே அமர்ந்தனர். அவ்வாண்டு ஜூன் மாதம் அதே ஊரில் பிறந்த சைமன் சாட்லர் கழகத்தை வாங்கினார்.

ஆக, முதலாளிகளை நீக்கியது நீதிமன்றமே, புறக்கணிப்பன்று என்று சிலர் கூறலாம். அதில் உண்மை உண்டு. 2016 பிப்ரவரியில் லிவர்பூல் அணியின் ரசிகர்கள், 77 பவுண்டுச் சீட்டை எதிர்த்து, 77-ஆவது நிமிடத்தில் பல்லாயிரவராக எழுந்து வெளியேறினர். சில நாட்களிலேயே முதலாளிகள் வருத்தம் தெரிவித்து விலையுயர்வைக் கைவிட்டனர். எல்லா எதிர்ப்புக்கும் அவ்வளவு விரைவில் கனி கிடைப்பதில்லை. ஆயினும் பிளாக்பூல் ரசிகர்கள் விலகி நின்றது வீண் என்று நாம் எண்ணவில்லை. நடப்பது முறையன்று என்பதை ஊர் மறந்துவிடாதபடி காத்தவர்கள் அவர்களே. வெற்று இருக்கைகளைக் கண்ட எவரும் எல்லாம் நலமே என்று சொல்லியிருக்க முடியாது.

ஓர் எதிர்ப்பு நேர்மையானதா என்று அறிய மூன்று கேள்விகள் போதும் என்பது நம் கருத்து. குறை மெய்யானதா, வதந்தியா? அதன் சுமையை முதலில் நாமே சுமக்கிறோமா, பிறர் தலையில் ஏற்றுகிறோமா? எப்போது திரும்பி வருவோம் என்பதை முன்னரே சொல்லியிருக்கிறோமா? பிளாக்பூலில் விலகி நின்றவர்கள் ‘முதலாளிகள் நீங்கும்வரை’ என்று எல்லை வகுத்தனர். அந்நாள் வந்ததும் சொன்னபடியே திரும்பினர். எல்லையில்லாத கோபம் திரும்பும் வழியை மறந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. நம்மோடு ஒத்துப்போகாத தோழரை எதிரியாக எண்ணத் தொடங்கினால், முதலாளி செய்யாத கேட்டையும் நாமே செய்துவிடுவோம். உள்ளே இருந்தவர் கழகத்துக்கு ஆட்டந்தோறும் குரல் கொடுத்தார். வெளியே நின்றவர் அதற்கு மனச்சாட்சியாக இருந்தார். இருவரும் நேசித்தது ஒன்றையே. நம் வீட்டிலும் சங்கத்திலும் இத்தகைய பிரிவு நேரும்போது, எதிர்ப்பக்கத்தில் நிற்பவருக்கும் நம்மருகே ஓர் இருக்கையைக் காலியாக வைத்திருப்போமாக.