நம்பச் சொல்லாதே, எண்ணிக் காட்டு!

மின்னணு வாக்கு எந்திரம் பற்றி எதிர்க்கட்சிகள் கேட்டால் 'தோற்றவர்களின் புலம்பல்' என்கிறது பா.ஜ.க. 2009இல் தோற்றபோது இதே எந்திரத்தைச் சந்தேகித்த கட்சிதான் அது!

2019இல் 21 எதிர்க்கட்சிகள் பாதி ஒப்புகைச் சீட்டுகளையாவது எண்ணச் சொல்லின. சட்டமன்றத் தொகுதிக்கு 5 எந்திரங்கள் போதும் என்றது உச்ச நீதிமன்றம். முழுமையாக எண்ணும் கோரிக்கையும் 2024இல் தள்ளுபடியானது. ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றமோ, தொழில்நுட்பம் அறியாத குடிமக்களும் சரிபார்க்கக்கூடியதாகத் தேர்தல் இருக்க வேண்டும் என 2009இலேயே தீர்ப்பளித்தது.

'எங்களுக்குத் தெரியும், நீங்கள் நம்பினால் போதும்' என்பது நாம் நூற்றாண்டுகளாகக் கேட்டுச் சலித்த குரல். அரசியலில் சமத்துவம், சமூகத்தில் ஏற்றத்தாழ்வு என்ற முரண்பாட்டை 1949இல் எச்சரித்தார் அம்பேத்கர். ஊரும் சேரியும் சமமாகும் ஒரே இடம் வாக்குதான். அதையும் நம்பிக்கையின் பெயரால் பூட்டி வைக்காதீர்கள். மோசடியை மெய்ப்பிப்பது வாக்காளரின் வேலையல்ல. எண்ணிக் காட்டுவது அரசின் கடமை.