பாம் பீச் சாலைக்கு அப்பால்: உரண் வட்டத்து ஊர்ச்சாலைகள்

நவி மும்பையில் மிதிவண்டி குறித்துப் பேச்செழும்போதெல்லாம், பாம் பீச் சாலையோரம் ஒரு தனித்தடம் வேண்டும் என்ற கோரிக்கையில் வந்து அது நின்றுவிடுகிறது. அக்கோரிக்கைக்கு வலுவான காரணம் உண்டு. 2024 பிப்ரவரி 28 அன்று காலை ஆறு மணிக்கு முன்பாக, நெருள் பகுதியில், அச்சாலையில் மிதிவண்டி ஓட்டிச் சென்ற அவ்தார் சைனி மீது வாடகைக் கார் ஒன்று பின்புறமிருந்து மோதியது, அவர் உயிரிழந்தார். இன்டெல் நிறுவனத்தின் 386, 486 நுண்செயலிகளின் உருவாக்கத்தில் பங்கேற்றவர், பின்னர் அதன் இந்தியப் பிரிவுக்குத் தலைமையேற்றவர், செம்பூர்வாசி, அகவை 68.

ஆயினும், வேகத்துக்காகவே வகுக்கப்பட்ட ஆறுவழிச் சாலையின் ஓரத்தில் ஒரு வண்ணக்கோடு இழுப்பதனால் அது மிதிவண்டிக்குரிய சாலையாகிவிடும் என்று நான் கருதவில்லை. மிதிவண்டிக்குரிய சாலைகள் நமக்கு முன்பே அமைந்துள்ளன. பேலாப்பூரைக் கடந்து உரண், பன்வேல் வட்டங்களுக்குள் நுழைந்தால் ஊரையும் ஊரையும் இணைக்கும் அச்சாலைகளைக் காணலாம். அவை நம் கண்முன்னே ஒவ்வொன்றாக அறுபட்டு வருவதே இப்பதிவின் பொருள்.

நெருளிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் சிர்நேர் வந்துவிடும். தொடக்கம் இனிமையானதன்று என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1989இல் திறக்கப்பட்ட நவா ஷேவா துறைமுகத்தின் கன்டெய்னர் டிரெய்லர்கள் கவாண் பாட்டா வரையிலும், அதற்கப்பாலும் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும். ஜாசையைத் தாண்டி உட்புறச் சாலைகளுக்குத் திரும்பிய பின்னரே காட்சி மாறும். ஒருபுறம் காடடர்ந்த குன்றுகள், மறுபுறம் கரையெழுப்பிக் கடல்நீரைத் தடுத்து நெல் விளைவிக்கும் உவர்நிலங்கள், இடையிடையே உப்பளங்கள். மருதமும் நெய்தலும் ஒரே வரப்பின் இருபுறங்களில் கிடப்பதைத் திணைக் கோட்பாடு படிக்கும் மாணவர் ஒருமுறையேனும் நேரில் காண வேண்டும். உப்பு மூட்டைகளோடு உள்நாட்டுக்கு வண்டி ஓட்டிய உமணரை நாம் பாட்டில் மட்டுமே அறிவோம். இங்கே ஆக்ரி மக்களின் ஊர்களில் உப்பும் நெல்லும் அண்மைக்காலம் வரை ஒரே குடும்பத்தின் இருவேறு பருவத் தொழில்களாக இருந்தன.

இச்சாலைகள் ஏன் மிதிவண்டிக்கு இசைவாக உள்ளன? குன்றின் அடியையும் வரப்பின் மேட்டையும் பற்றிக்கொண்டு, வயலை வெட்டாமல் வளைந்து செல்வதால் ஏற்றம் குறைவு, வளைவு மிகுதி. வளைவும், எதிரே வரும் எருமைகளும், சாலையை ஒட்டிய திண்ணைகளும் வாகன வேகத்தைத் தாமாகவே மட்டுப்படுத்துகின்றன. இதற்கு எந்தப் பொறியாளரும் வரைபடம் தீட்டவில்லை.

ஆனால் இந்த அமைதியில் மயங்கிவிடவும் கூடாது. அதில் ஒரு பகுதி, நிலம் கையகப்படுத்தப்பட்டுக் கட்டடம் இன்னும் எழாத இடைக்காலத்தின் அமைதி. சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா, ஷிரீஷ் படேல் ஆகிய மூவரும் 1965இல் ‘மார்க்’ இதழில் முன்வைத்த இரட்டை நகர்க் கருத்தின் தொடர்ச்சியாக 1970இல் சிட்கோ அமைந்தது. 95 ஊர்களை உள்ளடக்கிய ஏறத்தாழ 344 சதுர கிலோமீட்டர் பரப்பு புதுநகருக்கென வரையறுக்கப்பட்டது. நெருளும் அவ்வூர்களில் ஒன்றே. கரவே, தாராவே, சார்சோளே ஆகிய பழைய ஊர்கள் இன்றும் செக்டார் எண்களுக்கு நடுவே குறுகிய தெருக்களாக எஞ்சியுள்ளன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சென்ற சாலைதான் இல்லை. நிலத்துக்குரிய விலை கேட்டுப் போராடிய உழவர்கள் மீது 1984 சனவரியில் உரண் வட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஐவர் உயிரிழந்தனர். சிர்நேரில் அதற்கும் முந்தைய நினைவுச்சின்னம் உண்டு: 1930 செப்டம்பர் 25 அன்று காட்டுச் சத்தியாக்கிரகத்தின்போது சுடப்பட்டு மாண்டவர்களுக்கானது. அவ்வழியே மிதிவண்டியில் செல்பவர் எவராயினும் இவ்வரலாற்றின் ஊடாகவே செல்கிறார்.

இப்போது இதைப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. 2024 சனவரி 12 அன்று அடல் சேது திறக்கப்பட்டது. 21.8 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாலத்தில் மிதிவண்டிக்கு மட்டுமன்றி இருசக்கர மோட்டார் வாகனங்களுக்கும் ஆட்டோவுக்கும்கூட இடமில்லை. பாலத்தில் அத்தடை பொருத்தமானதாகவே இருக்கலாம். கரையிறங்கிய பின்னும் அதே வேகத்துக்கான இணைப்புச் சாலைகள் பெருகுவதே சிக்கல். விரைவுச்சாலை குறுக்கிடும் இடத்தில் ஊர்ச்சாலை முட்டுச்சந்தாகிறது. அல்லது டிரெய்லர்கள் நிறுத்தும் பக்கச்சாலையாகிறது. அதே ஆண்டில் உரண், பன்வேல், பேண் வட்டங்களின் 124 ஊர்களை, 323 சதுர கிலோமீட்டர் பரப்பை, கர்நாளா–சாய்–சிர்நேர் புதுநகராக அரசு அறிவித்தது. ஊரார் ஆட்சேபங்களை அளித்தனர். நிலம் பற்றிய முடிவு அவர்களுக்குரியது. பொழுதுபோக்காக மிதிவண்டி ஓட்டுவோரின் விருப்பம் அதற்கு முன்னே நிற்கத் தகாது. ஆனால் நகரம் எழுந்தாலும் எழாவிட்டாலும் ஊருக்கும் ஊருக்கும் இடையிலான வழி அறுபடக் கூடாது என்பதில் இரு தரப்பாருக்கும் மாறுபாடு இருக்க முடியாது.

பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணம் இவ்வகையில் கருதத்தக்கது. நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்ட அப்பகுதியில், சுரங்கப் பொறியாளராக இருந்த ஹூகோ போலன் என்பவர் சுரங்க வழிகளின் சந்திப்புகளுக்கு எண்ணிடும் முறையை நாட்டுப்புறச் சாலைகளுக்குப் பொருத்தினார். 1995இல் தொடங்கிய அவ்வமைப்பு பெரும்பாலும் இருக்கும் அமைதிச் சாலைகளையே பயன்படுத்தியது; சந்திப்புகளில் எண் பலகைகள் நடப்பட்டன; எண்களைக் கோத்துத் தம் வழியைப் பயணியரே அமைத்துக்கொள்ளலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2000ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம், ஊரகச் சாலைகளை ‘அமைதிச் சாலை’ என அறிவிக்கும் அதிகாரத்தை உள்ளாட்சிக்கு வழங்கியது. இரண்டிலும் செலவு சொற்பம். இருப்பதை இருப்பதாக ஏற்று, அதற்கொரு பெயரும் பாதுகாப்பும் தருவதே பணி.

வசதி படைத்தோரின் ஞாயிற்றுக்கிழமை ஆசை இது என்ற எதிர்வாதம் நம் கருத்தரங்குகளில் தவறாமல் எழும். இலட்ச ரூபாய் மிதிவண்டிகளைப் பற்றி மட்டும் பேசும் குழுக்கள் அவ்வாதத்துக்கு இடமளிக்கின்றன என்பதை மறுக்க முடியாது. ஆயினும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வேளாண்மையும் வீட்டுத்தொழிலும் நீங்கலான பணியாளர்களுள் ஏறத்தாழ 13 விழுக்காட்டினர் மிதிவண்டியில் வேலைக்குச் சென்றனர். தாராவியிலிருந்து இட்லிப் பாத்திரத்தையும் சட்னி வாளியையும் கட்டிக்கொண்டு, ரப்பர் ஊதலை அழுத்தியபடி மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் போகும் நம்மவர்களை அறியாத மும்பைத் தமிழர் உண்டா? உரண் பக்கத்தில் அந்த இடத்தில் பாவ் விற்பவரும், கன்டெய்னர் கிடங்கின் காவலாளியும், பள்ளி மாணவியும் இருக்கின்றனர். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் மிதிவண்டி ஓட்டுவதை எழுத்தறிவின் ஒரு பகுதியாகவே பெண்களுக்குக் கற்பித்தது. அங்கு அது நிகழ்ந்ததற்கு அம்மாவட்டத்தின் ஊர்ச்சாலைகளும் ஒரு காரணம் என்பது என் துணிபு. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே யார் மகளுக்கு மிதிவண்டி கற்றுத்தருவார்?

ஆகவே புதுநகரின் வளர்ச்சித் திட்டம் வரையப்படும் நிலையிலேயே, ஊர்ச்சாலைகள் தனி வகையாக அதில் இடம்பெற வேண்டும். அவற்றில் டிரெய்லருக்குத் தடை வேண்டும். விரைவுச்சாலை குறுக்கிடும் ஒவ்வோரிடத்திலும் கீழ்வழி வேண்டும். நெருள்–உரண் இரயில் 2024இலிருந்து உரண் வரை செல்கிறது. ஞாயிறு காலைகளிலேனும் சரக்குப் பெட்டியில் மிதிவண்டியோடு ஏறத் தெளிவான ஏற்பாடு செய்தால், டிரெய்லர்களுக்கு நடுவே உயிரைப் பணயம் வைக்கும் அந்த முதற்பகுதியைத் தவிர்த்துவிடலாம்.

நிலவியல், வரலாறு, சட்டம் பயிலும் மாணவர்களுக்கு ஒரு செய்தி. மகாராட்டிர வருவாய்த் துறையின் கிராம வரைபடங்களில் ஒற்றையடிப் பாதை ஒற்றை விட்டக்கோட்டாலும், வண்டிப்பாதை இரட்டை விட்டக்கோட்டாலும் குறிக்கப்பட்டிருக்கும். அக்கோடு இருக்கும் வரை, பாதையை அடைப்பவரைக் கேள்வி கேட்க இடமுண்டு. ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடுவோர் இந்த 124 ஊர்களில் நாலைந்தின் வரைபடங்களை எடுத்துக்கொண்டு, மழை நின்று நெல் அறுவடையாகும் ஐப்பசியில் ஒருமுறை மிதித்துப் பார்க்கலாம்: கோட்டில் உள்ள எந்தப் பாதை தரையில் இன்னும் இருக்கிறது, எது சுற்றுச்சுவரில் முட்டி நிற்கிறது என்று. மராத்தி அறிந்த நண்பர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். ஊர்ப் பெரியவர்கள் வரைபடத்தில் இல்லாத பாதைகளையும் சொல்வார்கள்.